அறுகம்பை: அலைக்கு முன்பே இருந்த ஊர்

புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என ஜவ்வாது மலையின் ஊர்ப்பெயர்கள் 'நாடு' என்றே முடிகின்றன. அரசாங்கத்தின் வரைபடம் வருவதற்கு முன்பே தம் எல்லைகளைத் தாமே வகுத்துக்கொண்ட மலைமக்களின் சான்று அப்பெயர்களுக்குள் இருக்கிறது. ஆயினும் வார இறுதியில் வண்டியேறி வருகிற விருந்தினர்கள் அருவியின் முன் நின்று படமெடுத்து, 'யாரும் கண்டறியாத இடம்' என்று எழுதி அனுப்புகிறார்கள். அந்த வாசகத்தைக் காணும்போதெல்லாம் மலையடிவாரத்தில் வாழும் நமக்குச் சிரிப்பும் வருகிறது. சிறிது கலக்கமும் வருகிறது.

கடந்த பெருநாள் விடுமுறையில் நம் வீட்டு இளைஞர்கள் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பை என்னும் இடம். நீலக்கடல், நீண்டு உருளும் அலை, அதன் மேல் பலகையில் நின்று சறுக்கும் வெளிநாட்டினர். பின்னணியில் பேசிய குரல், ஒரு காலத்தில் யாருமற்றுக் கிடந்த கடற்கரையை 1970களில் அலைச்சறுக்கு வீரர்கள் கண்டறிந்ததாகச் சொல்லிற்று. இளைஞர்கள் அடுத்த பயணத்துக்கு அங்கே போகலாமா என்று கேட்டார்கள். போகலாம் என்றுதான் நாமும் சொன்னோம். ஆனால் 'யாருமற்ற கடற்கரை' என்ற சொல் நம் மனத்தில் முள்ளாய்த் தங்கிவிட்டது. அந்தக் கரையில் இருப்போர் நம் மொழியையே பேசுபவர்கள். நாம் நோக்கும் கிப்லாவையே நோக்கித் தொழுபவர்கள். அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் ஒரு சுற்றுலாக் காணொளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம் என்று எண்ணியே இதை எழுத முற்பட்டோம்.

அறுகம்பை தனி ஊரன்று. அம்பாறை மாவட்டத்தில், பெரும்பான்மையாக முஸ்லிம்கள் வாழும் பொத்துவில் என்னும் பழைய ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் அமைந்த குடா அது. இடையில் ஒரு காயல் உண்டு. கிழக்கிலங்கையில் அதைக் களப்பு என்பார்கள். களப்பின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் உல்லை என்னும் குடியிருப்பு. அதன் முன்னே குடா. பெயரின் ஈற்றில் நிற்கும் 'பை', ஆங்கிலத்தின் 'பே' என்னும் சொல் தமிழ் நாவில் தேய்ந்து நின்றதே. ஊரின் பெயரிலேயே வந்தவர்களின் சொல் ஒட்டிக்கொண்டதால்தானோ என்னவோ, ஊரின் கதையையும் வந்தவர்களிடமிருந்தே தொடங்குவது வழக்கமாயிற்று.

அலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம், அது வியப்புக்குரியதுதான். அவ்வலை அங்கே பிறப்பதன்று. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழும் புயல்கள் நீரைத் தள்ளுகின்றன. அந்த எழுச்சி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இலங்கையின் தென்கிழக்கு முனையை வந்தடைகிறது. குடாவின் தெற்கே நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனையைச் சுற்றி வளையும்போது, ஆழம் குறைந்த பாறைத்தளத்தில் கால் இடறி, ஒரே அடியாக நொறுங்காமல் ஓரத்திலிருந்து படிப்படியாக உடைந்துகொண்டே போகிறது. கரையை நோக்கி வரும் வீரருக்கு அது வலப்பக்கமாக விரியும் ஒரு நீண்ட பாதை. சித்திரை முதல் ஐப்பசி வரை இப்பருவம். அம்மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, மலைகளைக் கடந்து, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் அதைக் கச்சான் என்பார்கள். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் அக்காற்று அலையின் முகத்தைச் சீப்பால் வாரியதுபோல் மழுமழுப்பாக்கிவிடும். மார்கழியில் வாடைக்காற்று எழுந்ததும் இந்த நேர்த்தி கலைந்துவிடும். பலகைக்காரர்கள் வெலிகம, ஹிக்கடுவ என்று தென்கரைக்குப் பெயர்ந்துவிடுவார்கள்.

இவ்விடத்தில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கச்சான் வீசும் அதே மாதங்கள்தாம் கிழக்குக் கரையின் மீன்பிடிப் பருவமும். மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும்போது கிழக்கில் தோணி இறக்கலாம், கரைவலை வளைக்கலாம். தென்கரை மீனவர்களும் அப்பருவத்தில் கிழக்கே வந்து வாடி அமைத்துத் தங்குவதுண்டு. ஆகவே அலைச்சறுக்கும் மீன்பிடியும் வெவ்வேறு காலங்களில் ஒரே கரையைப் பகிர்ந்துகொள்பவை அல்ல. ஒரே காலத்தில், ஒரே மணலில் தோளோடு தோள் நிற்பவை. பின்னால் எழுந்த பல பூசல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி அலைக்கு முன்பிருந்தவர்களைப் பார்ப்போம். அரபு வணிகர்களுக்கு இலங்கை புதிதன்று. இப்னு பதூதா 1344இல் அத்தீவில் இறங்கியபோதே அங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். கிழக்குக் கரையில் குடியேற்றம் அடர்ந்ததற்கு வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சுட்டும் ஆண்டு 1626. மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி மன்னர் செனரத் அவர்களுக்குப் புகலிடம் தந்து, ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் என்பர். பௌத்த மன்னர் ஒருவர், ஒடுக்கப்பட்ட முஸ்லிம்களுக்கு மண் கொடுத்த செய்தி இது. இன்றைய கசப்புகளுக்கு நடுவே இதை இருதரப்பினரும் மறந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

அம்மண்ணில் அவர்கள் கடலை மட்டும் நம்பி வாழவில்லை. குளத்துப் பாய்ச்சலில் நெல், மேட்டு நிலத்தில் சேனைப் பயிர், மாடு, களப்பில் இறால், கடலில் மீன் என்று பல கால்களில் நின்றது அவர்களின் வாழ்வு. தமிழ் இந்துக்களோடு அண்டை வயலில் உழுதார்கள்; மொழி ஒன்று, குடிவழக்கமும் ஏறக்குறைய ஒன்று. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி முறை உண்டென்பது தமிழ்நாட்டு வாசகர்கள் பலருக்குப் புதிதாக இருக்கலாம். பிள்ளை தாயின் குடியைச் சேரும். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் அமர்வார். மணமானபின் பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை. கணவனே பெண்ணின் வீட்டுக்கு வருவான். தந்தை தன் ஆயுளெல்லாம் உழைத்து மகள் ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடும் வளவும் அமைத்துக் கொடுப்பார். சீதனம் என்ற பெயரில் இது பெற்றோரைப் பிழிந்தெடுத்ததும் உண்மை. அதை நாம் புகழ வரவில்லை. ஆனால் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும்: கிழக்குக் கரையின் வீட்டுமனைகளில் பெரும்பகுதி பெண்களின் உடைமையாக இருந்தது. ஆழிப்பேரலைக்குப் பின்பு இந்தச் செய்திக்கு ஒரு கசப்பான பொருள் வந்தது.

குடாவைக் கடந்து தெற்கே செல்லும் பாதையும் பழையது. வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் இந்து அடியார்கள் பொத்துவில், பாணமை, உகந்தை வழியாகக் குமண வனத்துக்குள் நுழைவார்கள். கதிர்காமத்தில் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் உண்டு. ஹிள்ரு (அலை) அவர்களோடு அவ்விடத்தைத் தொடர்புபடுத்தும் மரபும் உண்டு. பாணமையில் சிங்களமும் தமிழும் கலந்த குடும்பங்கள் வாழ்கின்றன. பொத்துவில் கடற்கரையிலேயே முகுது மகா விகாரை என்னும் தொன்மையான பௌத்தத் தலத்தின் இடிபாடுகள் மணலுக்குள் நிற்கின்றன. பலகையைத் தோளில் சுமந்த முதல் வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இத்தனை பேரின் பாதங்கள் பதிந்த கரை இது.

அலைச்சறுக்கும்கூட வெள்ளைக்காரர் கண்டதன்று. 1778இல் கேப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாய்த் தீவுகளை அடைந்தன. மறு ஆண்டு அக்கப்பலின் அதிகாரி ஜேம்ஸ் கிங், தீவினர் பலகைமேல் படுத்து அலையோடு கரைக்கு விரைவதைக் கண்டு வியந்து குறிப்பெழுதினார். அரசர்முதல் குடிகள்வரை ஆணும் பெண்ணும் ஆடிய கலை அது. 1820இல் கிறித்தவ மதபோதகர்கள் வந்தபின் அது மங்கத் தொடங்கியது. வெளிநாட்டவர் கொண்டுவந்த நோய்களில் மக்கள்தொகையே சுருங்கியது. 1893இல் ஹவாய் அரசி பதவியிழந்தார். 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1901இல் வைக்கீக்கிக் கடற்கரையில் மோனா விடுதி எழுந்தது. அதன்பின் அதே அலைச்சறுக்கு, சுற்றுலா விளம்பரமாக மறுபிறவி எடுத்தது. ஹவாய்ப் பூர்வகுடியின் மகனான டியூக் கஹனமோக்கு 1912இல் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்று, பின்னர் ஆஸ்திரேலியர்களுக்கு அலைமேல் நிற்கக் காட்டினார். கலை உலகெங்கும் பரவியது. கரை மட்டும் அதைப் படைத்தவர்களின் கைகளில் தங்கவில்லை. அறுகம்பையின் கதையைப் படிக்கும்போது வைக்கீக்கி நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

நம் கடலோர மக்களும் அலைக்கு அயலவர் அல்லர் என்பதை இடையில் சொல்லிக்கொள்வோம். மரத்துண்டுகளைக் கட்டி அதன்மேல் நின்றபடி அலையை உடைத்துக்கொண்டு போய்வந்தவர்கள் சோழமண்டலக் கரையினர். கட்டுமரம் என்ற நம் சொல்லையே ஐரோப்பியர் தம் மொழிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அது விளையாட்டன்று, பிழைப்பு. அதனால்தான் அதை யாரும் வீரக்கலையென்று எழுதிவைக்கவில்லை போலும்.

1970களில் அறுகம்பைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கையில் காசு குறைந்த இளைஞர்கள். ஓலைக் குடிசை வாடகைக்குக் கிடைத்தால் போதும். சோறும் மீன்குழம்பும் கிடைத்தால் போதும். உல்லைக் குடும்பங்கள் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தன. பிறகு வளவில் இன்னொரு குடிசையைக் கட்டின. இப்படித்தான் அங்கே விடுதித் தொழில் பிறந்தது. பெருமுதலாளியின் திட்டத்திலிருந்து அது பிறக்கவில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்து பிறந்தது. உள்ளூர்ச் சிறுவர்கள் வந்தவர்களைப் பார்த்தும், அவர்கள் விட்டுச்சென்ற பலகைகளை எடுத்தும் பழகினார்கள். அலையின் குணத்தை அவர்கள் முன்பே அறிவார்கள். நிற்கும் விதத்தை மட்டும் கற்க வேண்டியிருந்தது. இன்று பயிற்றுநர்களாக இருப்போரில் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர்.

அப்புறம் போர் வந்தது. 1983க்குப் பின் கிழக்கில் எவருக்கும் நிம்மதி இருக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். அக்டோபரில் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம். தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துயரம் இதற்குக் குறைந்ததன்று. அதையும் அருகே வைத்தே இதை நாம் எழுதுகிறோம். பொத்துவிலின் தனிப்பட்ட காயம் 2006 செப்டம்பரில் நேர்ந்தது. குளத்து வேலைக்குச் சென்ற முஸ்லிம் தொழிலாளர்கள் பத்துப் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரசு புலிகளைக் குற்றம் சாட்டியது, புலிகள் மறுத்தார்கள், ஊரில் பலர் அரசப் படையினரைச் சந்தேகித்தார்கள். அலைச்சறுக்கு வழிகாட்டி நூல்களில் அக்காலம் 'கூட்டமில்லாத பொற்காலம்' என்ற தொனியில் எழுதப்படுவதுண்டு. கூட்டம் ஏன் இல்லை என்று அவை சொல்வதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. அது அலைச்சறுக்குப் பருவம் அன்று. வெளிநாட்டவர் சிலரே இருந்தார்கள். கரையில் இருந்தோர் கரைக்குரியவர்களே. ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மருதமுனை, சாய்ந்தமருது போன்ற முஸ்லிம் ஊர்கள் தெருத்தெருவாக அழிந்தன. அறுகம்பையில் கடலோரக் கட்டடங்களில் பெரும்பாலானவை சிதைந்தன. களப்புப் பாலமும் சேதமுற்றது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இறந்தோரை அடக்கி முடிப்பதற்குள் விதி ஒன்று வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீட்டருக்குள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது. பாதுகாப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. மீனவரை உள்நாட்டு முகாம்களுக்கு அனுப்பிய அவ்விதி, விடுதிகளுக்கு மட்டும் வளைந்துகொடுத்தது என்பதே அறுகம்பை மீனவர்களின் குற்றச்சாட்டு. அதே வேளையில், அறுகம்பையை உயர்தரச் சுற்றுலாத் தலமாக்கும் ஒரு வளர்ச்சித் திட்டம் வெளிவந்தது. நீர்விமானத் துறை, ஹெலிகாப்டர் இறங்குதளம் என்று விரிந்த அத்திட்டத்தில் வாடிகளுக்கு இடமில்லை. கனடிய எழுத்தாளர் நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட தம் நூலில் அறுகம்பைக்கு ஓர் இயலையே ஒதுக்கி, முதல் பேரலை கொண்டுபோகாததை இரண்டாவது அலை கொண்டுபோக முயல்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். பொத்துவில் மக்கள் ஊர்வலம் போனார்கள், எதிர்த்தார்கள். 2005 முடிவதற்குள் 200 மீட்டர் விதி தளர்த்தப்பட்டது. திட்டமும் வரைந்தபடி நிறைவேறவில்லை.

இங்கே நம் ஃபிக்ஹ் நூல்களின் ஒரு பாடத்தை நினைவுகூர்வது பொருத்தம். உரிமையாளரற்ற தரிசு நிலத்தை உழைத்து உயிர்ப்பித்தவருக்கு அதில் உரிமை உண்டென்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. இதை இஹ்யாவுல் மவாத் என்பார்கள். ஆனால் எது தரிசு என்பதில் அறிஞர்கள் மிகவும் நுணுக்கமாக இருந்தார்கள். கட்டடம் இல்லாதிருப்பதால் மட்டும் ஒரு நிலம் 'மவாத்' ஆகிவிடாது. ஊரார் மாடு மேய்க்கும் வெளி, விறகு பொறுக்கும் காடு, களம், கிணற்றைச் சுற்றிய இடம் ஆகியவை ஊரின் ஹரீம். பெயரில் பத்திரம் இல்லாவிட்டாலும் அது ஊரின் தேவைக்கு உரியது. பிறர் அதை உயிர்ப்பிக்கிறேன் என்று வளைக்க முடியாது. தோணி இழுத்து வைக்கும் மணலும், வலை உலர்த்தும் திடலும், மீன் பரப்பும் வெளியும் இதே வகையைச் சேர்ந்தவை என்பது நம் கருத்து. வெறும் கண்ணுக்கு அவை காலி மணல். கரைவலைக்காரருக்கு அவை தொழிற்கூடம். 'யாருமற்ற கடற்கரை' என்னும் சொல் நம்மை ஏன் உறுத்தியது என்பது இப்போது விளங்கும். காணொளியில் அது அலங்காரம். திட்டவரைவில் அதுவே நில ஆவணம்.

முன்பு குறிப்பிட்ட பெண்களின் வீட்டுரிமைக்கு வருவோம். பேரலைக்குப் பிறகு கிழக்கில் புதிய வீடுகளும் மனைகளும் வழங்கப்பட்டபோது, குடும்பத் தலைவர் யார் என்று படிவம் கேட்டது. கணவனின் பெயர் எழுதப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த மனையை இழந்த பெண், மாற்று மனையின் பத்திரத்தில் தன் பெயரைக் காணவில்லை. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதை அக்காலத்திலேயே எடுத்துக்காட்டின. ஷரீஅத் பெண்ணுக்குத் தந்த சொத்துரிமையையும் வழக்காறு தந்ததையும் ஓர் அலுவலகப் படிவத்தின் ஒற்றைக் கட்டம் அழித்துவிட்டது. எந்தத் தீய எண்ணமும் இல்லாமலே இது நடந்திருக்கலாம். ஊரின் வழக்கம் எங்கும் எழுதப்பட்டிராததால், கேட்க வேண்டிய கேள்வி எழுதியவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அமெரிக்க உதவியில் கட்டப்பட்ட புதிய பாலம் 2008இல் திறக்கப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தது, பலகைகள் பெருகின. நிலத்தின் விலையும் பெருகியது. பூசல் முஸ்லிம்களோடு நிற்கவில்லை. தெற்கே பாணமையில் 2010இல் பல நூறு சிங்களக் குடும்பங்கள் தாம் பயிரிட்டு வந்த கடலோர நிலத்திலிருந்து விரட்டப்பட்டன. அந்நிலத்தில் படைமுகாம்கள் அமைந்தன. 2015இல் நிலத்தின் பெரும்பகுதியை விடுவிக்க அமைச்சரவை முடிவெடுத்தும், மக்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அலை அழகாக உடையும் இடத்தில் ஏழையின் நிலம் இருந்தால், அவர் எந்தச் சமயத்தவர் என்பது இரண்டாம் கேள்விதான்.

2020இல் முகுது மகா விகாரையின் எல்லை குறித்த பிணக்கு தலைதூக்கியது. அதே ஆண்டு ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுக்கென அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இடம்பெறவில்லை. பொத்துவில் மக்கள் தம் வீடுகள் என்னாகுமோ என்று அஞ்சினார்கள். நாம் நேர்மையாகப் பேச வேண்டும்: அந்த விகாரை தொன்மையானது, அது காக்கப்பட வேண்டியது. அதைக் காப்பதற்கு, அருகில் தலைமுறைகளாக வாழ்பவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கவேண்டியதில்லை. பிறர் வரலாற்றை மறுப்பதால் நம் வரலாறு நிலைபெறாது. நம் வரலாற்றை எழுதிவைக்காமல் இருப்பதாலும் நிலைபெறாது.

2019 ஏப்ரல் 21 பற்றி எழுதாமல் கடக்க முடியாது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்கள் தம்மை முஸ்லிம்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். தலைவன் கிழக்கு மாகாணத்தவன். அக்கொலைக்கு மார்க்கத்தில் எந்த மறைப்பும் இல்லை. அடுத்த மாதமே முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் பல ஊர்களில் தாக்கப்பட்டன. சுற்றுலா பெரிதும் சரிந்தது. பருவம் தொடங்கும் வேளையில் அறுகம்பை வெறிச்சோடியது. செப்டம்பரில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிச்சுற்றுப் போட்டி அங்கே நடந்தது. பல நாட்டு வீரர்கள் வந்து இறங்கியபோது, தங்க இடம் கொடுத்தவர்களிலும் உணவு சமைத்தவர்களிலும் அந்த ஊர் முஸ்லிம்கள் இருந்தார்கள்.

2024 அக்டோபர் 23 அன்று மீண்டும் ஓர் அதிர்ச்சி. அறுகம்பையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சுற்றுலாப் பயணிகள்மீது தாக்குதல் நிகழக்கூடும் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் குடிமக்களை அங்கிருந்து வெளியேறச் சொன்னது. இலங்கைக் காவல்துறை சிலரைக் கைது செய்தது. காஸாவில் கொல்லப்படும் குழந்தைகளுக்காகப் பொத்துவில் வீடுகளில் கண்ணீர் வடிந்த காலம் அது. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகத் தொழில் நடத்துகிறார்கள் என்ற முறையீடும் ஊரில் இருந்தது. அது சட்டத்தின் வழியே கேட்கப்பட வேண்டிய நியாயமான முறையீடு. எனினும் அடைக்கலம் பெற்று நாட்டுக்குள் வந்தவரை முஸ்தஃமின் என்று அழைத்து, அவர் உயிரும் உடைமையும் தீண்டத்தகாதவை என்று நம் இமாம்கள் எழுதிவைத்தது சும்மாவன்று. விருந்தினரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையதாயினும் அவருக்கு அந்த அமான் உண்டு.

பிள்ளைகள் நம்மிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. குடாவில் அரைகுறை ஆடைகளும் மதுக்கடைகளும் உண்டு. நோன்பு மாதத்திலும் ஜும்ஆ வேளையிலும் அவற்றின் நடுவே வாழ்வது அவ்வூர்ப் பெற்றோருக்கு எளிதன்று. விடுதியில் வேலை செய்யும் இளைஞன் மது பரிமாறச் சொன்னால் என்ன செய்வது என்பது அங்கே அன்றாடக் கேள்வி. பாதையில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள்: பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலளித்தல். கடற்கரையும் ஒரு பாதைதான். நீச்சல் கற்பதைப் பயனுள்ள விளையாட்டாக எண்ணிய மார்க்கம் நம்முடையது. பலகையில் நிற்பதில் குற்றமில்லை. 2018இல் இலங்கையின் முதல் பெண்கள் அலைச்சறுக்கு மன்றம் அறுகம்பையில்தான் தொடங்கப்பட்டது. அதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வோம்: பேரலையின்போது இப்பகுதியெங்கும் ஆண்களைவிடப் பெண்களே மிகுதியாக மாண்டார்கள், நீந்தத் தெரியாமை அதற்கு ஒரு காரணம். உடல் மறைக்கும் ஆடையோடு, தனி இடத்தில், பெண்ணே பெண்ணுக்கு நீச்சல் கற்பிக்கும் ஏற்பாடு ஒவ்வொரு கடலோர ஊரிலும் வேண்டும்.

போகிறவர்கள் பாலத்தின் தெற்கே மட்டும் நின்றுவிடாமல் பொத்துவில் ஊருக்குள்ளும் போகட்டும். ஜும்ஆவை அங்கே தொழட்டும். முதியவர் எவரேனும் பேச இசைந்தால் அமர்ந்து கேட்டு, அவர் அனுமதியோடு குரலைப் பதிவு செய்துகொள்ளட்டும்: கரைவலைக்குப் பாடிய அம்பாப் பாட்டு, குடிகளின் பெயர்கள், பழைய பள்ளிவாசலின் கதை, 2004க்கு முன் எந்த வளவு எவருடையது என்ற கணக்கு. தொழில் பருவத்தில் விடியலில் போனால் வலை இழுக்கும் நேரம். கயிற்றின் இரு முனைகளிலும் ஆட்கள் பின்னோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். பலகை தூக்கி வருகிறவர்கள் கயிற்றின் மேல் மிதிக்காமல், வலை கரையேறும்வரை சற்று ஒதுங்கி நிற்க வேண்டும்.